நன்றியுரையில் விடுபட்ட பெயர்

கேள்வி: 20 வருடமாக எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறேன். யார் பாராட்டினாலும் "நான் ஒன்றுமில்லை, எல்லாம் ஆண்டவர் செயல்" என்பேன். இம்முறை திருவிழா நன்றியுரையில் என் பெயரை விட்டுவிட்டார்கள். மூன்று நாள் தூக்கமில்லை. மனத்தாழ்மையை அன்றாடம் எப்படிப் பழகுவது?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்த மூன்று நாளையும் மறைக்காமல் எழுதினீர்களே சகோதரி, பாதிப் பழக்கம் அதிலேயே வந்துவிட்டது. "நான் ஒன்றுமில்லை" என்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். 20 வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ஒன்றுமில்லாதவரா? அது பொய். பாராட்டினால் "சந்தோஷம்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தபோது பேதுருவும் "என் காலைக் கழுவ விடமாட்டேன்" என்றுதான் மறுத்தார். கேட்கப் பணிவாக இருக்கிறது. ஆண்டவர் ஏற்கவில்லை (யோவான் 13). காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசின் கால்களையும் சேர்த்தே கழுவினார். பேதுருவின் முதல் திருமுகம் மனத்தாழ்மையை அணிந்துகொள்ளச் சொல்கிறது (5:5). அங்குள்ள கிரேக்கச் சொல், அடிமைகள் வேலைக்கு இறங்கும்போது உடுப்பின்மேல் கட்டும் துணியோடு தொடர்புடையது. கால் கழுவிய அந்த இரவு பேதுருவின் மனதைவிட்டுப் போகவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

எப்படிப் பழகுவது? புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு மனத்தாழ்மையின் 12 படிகளை எழுதினார்; 11ஆவது பேசும் விதம் பற்றியது. தமிழர் நமக்கு அதை அளக்க மூன்று சொற்களே போதும்: நீ, நீர், நீங்கள். ஒரு கிழமைக்கு யாரிடம் எதைச் சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

எங்கள் ஒழுங்கைக்குத் திருக்கடலூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருவார் ஒருவர். பின் காரியரில் பெட்டி, மேலே தராசு. என் அப்பாவின் வயது. பல வருடம் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். அதே படலையில் நின்று, என்னிலும் மிக இளைய வங்கி அலுவலருக்கு "வாங்கோ, இருங்கோ". ஒரு பெரிய வியாழன் காலையில் மகள் கேட்டாள்: "அப்பா, மீன்கார ஐயா உங்களைவிடச் சின்னவரோ?"

அன்று மாலை பாதம் கழுவும் சடங்கில் பன்னிருவரில் ஒருவனாகக் கதிரையில் இருந்தேன். காலில் விழுந்த தண்ணீர் சுட்டது போல இருந்தது. சனிக்கிழமை அவரிடம் "ஐயா, இவ்வளவு காலமும் மரியாதையில்லாமல் கதைச்சிட்டன், மன்னியுங்கோ" என்றேன். "அதுக்கென்ன" என்றுவிட்டுச் சூடை மீனைத் தராசில் நிறுத்தார். நாக்குத் திருந்தத்தான் எனக்கு மாதக்கணக்காயிற்று.

நன்றியுரை வாசித்தவரைக் கண்டால் முகத்தைத் திருப்பாதீர்கள். "என் பெயரை விட்டது நொந்தது" என்று அவரிடமே சொல்லுங்கள், ஊரிடம் வேண்டாம். பிறகு உங்கள் குழுவையும் ஒருமுறை பாருங்கள். பயிற்சி முடிந்ததும் கதிரை அடுக்கிவிட்டுப் போகிற பிள்ளைக்கு இந்த 20 வருடத்தில் யார் நன்றி சொன்னது? பெயர் தெரியாவிட்டால் அடுத்த பயிற்சிக்கு முன் கேட்டுவையுங்கள்.