தேர்தல் தேதியை ஆளுங்கட்சி குறிக்கலாமா?

நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மாற்ற முடியாத பதவிக்காலம் வேண்டுமா, இடையில் கலைப்பதற்கு என்ன விதி இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் காரியம் பார்ப்பவர்களுக்கு முறை உண்டு. முறை முடியும் நாளில் சாவிக்கொத்தும் கணக்கு நோட்டும் அடுத்தவர் கைக்குப் போய்விடும். இடையில் ஒருவர் விலகினால், பின்னால் வருபவர் மிச்ச நாளை மட்டுமே பார்ப்பார். மக்களவைக்கு அப்படியில்லை. அரசியல் சாசனத்தின் 83ஆம் பிரிவு ஐந்தாண்டு என்றாலும், 85ஆம் பிரிவின் வழியாகப் பிரதமரின் ஆலோசனைப்படி அதை முன்பே கலைத்துவிடலாம். 1970 டிசம்பரில் இந்திரா காந்தி அப்படிச் செய்தார். அதையொட்டித் தமிழகச் சட்டமன்றமும் ஓராண்டு முன்பே கலைக்கப்பட்டு, 1971இல் இரண்டுக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்தது. தேர்வு எழுதுபவரே தேர்வுத் தேதியைக் குறிப்பது முறையாகாது.

அடிக்கடி தேர்தல் வந்தால் அதன் சுமை மக்களுக்குத்தான். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் என் அத்தான், தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த நாள்முதல், சனிக்கிழமைக் கூலிப் பணத்தோடு வங்கிச் சீட்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பணத்தைச் சோதிக்கும் தேர்தல் பறக்கும் படைக்குச் சான்று காட்டியாக வேண்டும். எங்கள் சிவகங்கைத் தொகுதி 1996, 1998, 1999 என்று மூன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை வாக்களித்தது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசை ஒரே வாக்கில் வீழ்த்தியவர்களால் மாற்று அரசை அமைக்க முடியவில்லை. ஜெர்மனியில் அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல், பதவியில் இருப்பவரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியாது. 1982இல் பிரதமர் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் அந்தப் பதவிக்கு வந்தது அந்த விதியின்படிதான். நமக்கும் அதுவே தேவை. அதையும் மீறிக் கலைக்க நேர்ந்தால், ஸ்வீடனில் உள்ளதுபோல, புதிய அவைக்கு மிச்சக் காலம் மட்டுமே கிடைக்க வேண்டும். அப்போது அவசரத் தேர்தலால் யாருக்கும் ஆதாயம் இராது.

இவற்றைச் சாதாரணச் சட்டமாக இயற்றினால் பயனில்லை. பிரிட்டன் 2011இல், முன்கூட்டிய தேர்தலுக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும் என்று சட்டம் செய்தது. 2019இல் அந்த எண்ணிக்கை கிடைக்காத அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், சாதாரணப் பெரும்பான்மையில் தனிச் சட்டமொன்றை இயற்றித் தேர்தலுக்குப் போனார். 2022இல் பழைய சட்டமே நீக்கப்பட்டது. ஆகவே இது அரசியல் சாசனத்திலேயே இடம்பெற வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை இங்கே, மாநில ஆட்சியை மத்திய அரசு கலைக்க வழிவிடும் 356ஆம் பிரிவால் ஆட்சி கலைக்கப்பட்டது. 1980 பிப்ரவரியில் நீக்கப்பட்ட எம்.ஜி.ஆரை, சில மாதங்களிலேயே மக்கள் மீண்டும் கோட்டைக்கு அனுப்பினார்கள். முதலமைச்சரின் கையைக் கட்டிவிட்டு டெல்லியின் கையை அவிழ்த்துவிடும் திருத்தத்தை நான் ஏற்க மாட்டேன்.