வாசகர் கேள்வி பதில்: சொந்த கேமை ஓட்டவே எமுலேட்டர் வேணுமா?

கேள்வி: அண்ணே, எமுலேட்டர்னாலே திருட்டுங்கற மாதிரி கேம் கம்பெனிக்காரங்க பேசறாங்க, ஆனா அவங்களே பழைய கேமை திரும்ப விக்கறப்போ உள்ள எமுலேட்டர்தான் ஓடுதுன்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான், நம்பலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமா நம்பலாம். பழைய கேசட்டுக்குள்ள இருக்கற ப்ரோக்ராம் அந்த காலத்து சிப்போட பாஷைல மட்டும்தான் பேசும், இன்னிக்கி இருக்கற மெஷினுக்கு அதுல ஒண்ணுமே புரியாது, நடுவுல துபாஷி மாதிரி உக்காந்து ஒவ்வொரு வரியா மாத்தி சொல்றதுதான் எமுலேட்டரோட வேலை. இதுல திருட்டு எங்க இருக்கு சொல்லுங்க.

2018 டிசம்பர்ல சோனி, ப்ளேஸ்டேஷன் க்ளாசிக்னு கைக்கு அடக்கமா ஒரு பெட்டி விட்டுச்சு, 100 டாலர், உள்ள 20 பழைய ப்ளேஸ்டேஷன் கேம். அதுல ஓடினது சோனி எழுதின எமுலேட்டர் இல்ல, பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட்னு ஆர்வலர்கள் எழுதி ஓப்பன் சோர்ஸா விட்டது, பெட்டியோட மெனுல லைசென்ஸ் பக்கத்துலயே அந்தப் பேர் இருந்துச்சு. ஓப்பன் சோர்ஸ்ங்கறதால லைசென்ஸ் விதிப்படி யார் வேணா எடுத்து யூஸ் பண்ணலாம், அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா இதே சோனிதான் 1999ல கனெக்டிக்ஸ்ங்கற கம்பெனிய கோர்ட்டுக்கு இழுத்துச்சு, ஏன்னா அவங்க விர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்னு ஒண்ணு பண்ணி ப்ளேஸ்டேஷன் கேமை மேக் கம்ப்யூட்டர்ல ஓட வெச்சாங்க. 2000ல அமெரிக்க அப்பீல் கோர்ட், ப்ளேஸ்டேஷனுக்குள்ள இருந்த பயாஸை, அதாவது மெஷினை ஆரம்பிச்சு வைக்கற ப்ரோக்ராமை, பிரிச்சுப் பாத்து கத்துக்கிட்டது நியாயமான பயன்பாடுதான்னு கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. கேஸ்ல ஜெயிக்க முடியலன்னதும் அடுத்த வருஷம் சோனி அந்த சாஃப்ட்வேரையே விலைக்கு வாங்கி மூடி வெச்சுது. எமுலேட்டர் எழுதறது சட்டப்படி தப்பில்லன்னு இன்னிக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டற தீர்ப்பு அதுதான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் வேற இடத்துல. அந்த 20 கேம்ல 9 கேம், அமெரிக்கால வித்த பெட்டிலயும் ஐரோப்பாவோட பால் வெர்ஷன், அதாவது செகண்டுக்கு 60 தடவைக்கு பதிலா 50 தடவைதான் திரைல படம் மாறும், டெக்கன் 3யும் அதுல ஒண்ணு. சண்டை கேம்ல அந்த வித்தியாசம் கைக்கே தெரியும். எமுலேட்டர் எழுதினவங்க ஒழுங்காதான் எழுதியிருக்காங்க, சொந்த கேம்ல எந்த வெர்ஷனை போடணும்னு பாக்கறது கம்பெனியோட வேலை, அதைக் கூட பாக்காம விட்டா அந்த கேமை நேசிச்சவங்களுக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: நின்டெண்டோ நெட்ல கிடந்த ரோமை (பழைய கேசட்டுல இருக்கறதை அப்படியே காப்பி எடுத்த ஃபைல்) டவுன்லோட் பண்ணி நமக்கே காசுக்கு வித்துச்சுன்னு சொல்றாங்களே? – வாசகி, வேலூர்

பதில்: அப்படி ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு, ஆனா நான் அதை அப்படியே ஏத்துக்க மாட்டேன். நின்டெண்டோ தன்னோட வீ கன்சோல்ல வித்த சூப்பர் மரியோ ப்ரதர்ஸ் ஃபைலை 2016ல ஃப்ராங்க் சிஃபால்டிங்கறவர் ஒரு மாநாட்டு பேச்சுல பிரிச்சு காட்டினார், ஃபைலோட ஆரம்பத்துல ஐநெஸ் ஹெட்டர் இருந்துச்சு. அது 16 பைட்ல ஒரு குறிப்பு, கேசட்டுல எந்த மாதிரி சிப் இருந்துச்சுன்னு எமுலேட்டருக்கு சொல்றதுக்காக, மராட் ஃபைஸுல்லின் தன்னோட எமுலேட்டருக்குன்னு உருவாக்கினது, நின்டெண்டோவோடது இல்ல. அதனால நின்டெண்டோ டவுன்லோட் பண்ணிடுச்சுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. ஆனா அந்த ஐநெஸ் வேலைல கை கொடுத்த தோமோஹிரோ கவாசேங்கற ஜப்பான்காரரை பின்னாடி நின்டெண்டோவே வேலைக்கு எடுத்துச்சு, அனிமல் க்ராஸிங் கேமுக்குள்ள பழைய கேம்களை ஓட்டற எமுலேட்டரை எழுதினதும் அவர்தான், அதனால தன் கிட்ட இருந்த கேசட்டையே தனக்குப் பழகின ஃபார்மட்ல எடுத்திருக்கலாம் இல்லையா. எது எப்படியோ, எமுலேட்டரால பெரிய ஆபத்துன்னு தன் வெப்சைட்லயே பல வருஷம் எழுதி வெச்சிருந்த கம்பெனிக்கு அந்த ஆர்வலர்கள் கிட்ட இருந்துதான் ஃபார்மட்டும் கிடைச்சுது, ஆளும் கிடைச்சார், அதை ஒரு வரி நன்றியா சொன்னா என்ன குறைஞ்சு போகும்.

கேள்வி: எமுலேட்டர் எதுக்கு, பழைய கேமை புதுசா மாத்தி எழுதிடலாமே? – மாணவர், மதுரை

பதில்: எழுதலாம் தம்பி, சோர்ஸ் கோட், அதாவது கேமை உருவாக்கினவங்க எழுதின மூல ப்ரோக்ராம், கைல இருந்தா. நிறைய கம்பெனி அதை பத்திரப்படுத்தவே இல்ல. கொனாமிங்கற கேம் கம்பெனி 2012ல சைலண்ட் ஹில் எச்டி கலெக்‌ஷன் போட்டப்போ கடைசி கோட் கிடைக்காம, முழுசா முடியாத ஒரு கோடை வெச்சு வேலை பாக்க வேண்டி வந்துச்சு, அந்த கேமுக்கே உயிரான பனிமூட்டம் சரியா வராம ஃபேன்ஸ் நொந்து போயிட்டாங்க. எமுலேட்டருக்கு சோர்ஸ் கோடே தேவையில்ல, கேசட்டுல இருக்கறதை அப்படியே ஓட்டிடும்.

கேள்வி: அப்போ நாமளும் ரோம் டவுன்லோட் பண்ணிக்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: எமுலேட்டர் வேற, ரோம் வேற. ரோமுக்கு காப்பிரைட் இருக்கு, டவுன்லோட் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சிஃபால்டி ஆரம்பிச்ச வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல கணக்கெடுத்து பாத்தப்போ, அமெரிக்கால 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் அப்போ கடைல எங்கயும் வாங்க கிடைக்கலன்னு தெரிஞ்சுது. காசு கொடுக்க ரெடியா இருக்கறவனுக்கும் வழி இல்ல. இதை மாத்த வேண்டியது கம்பெனிங்கதான்.

கேள்வி: நல்லபடியா பண்ணவங்களே இல்லையா? – அதே திண்டுக்கல் வாசகர்

பதில்: ஏன் இல்ல! டிஜிட்டல் எக்லிப்ஸ் 2022ல பண்ணின அடாரி 50ஐ பாருங்க, 100க்கு மேல கேம், கூடவே அதை உருவாக்கினவங்களோட பேட்டி, பழைய படம், காகிதம் எல்லாம் வரிசையா வெச்சு ஒரு மியூசியம் மாதிரி பண்ணியிருக்காங்க. நின்டெண்டோவும் 2017ல எஸ்நெஸ் க்ளாசிக்னு பழைய சூப்பர் நின்டெண்டோ கேம்களுக்கு ஒரு குட்டிப் பெட்டி விட்டப்போ பாரிஸ்ல இருக்கற தன்னோட டீமை வெச்சே எமுலேட்டர் பண்ணுச்சு, அந்த பெட்டிலதான் ஸ்டார் ஃபாக்ஸ் 2 வந்துச்சு, 90கள்லயே கிட்டத்தட்ட முழுசா முடிச்சும் விக்காம தூக்கி வெச்சுட்ட கேம். 20 வருஷத்துக்கு மேல கழிச்சு அது முதல் தடவையா விற்பனைக்கு வந்ததே எமுலேட்டர்லதான்.