காசபியாங்கா யார் பக்கம்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட பிரெஞ்சு நீர்மூழ்கி ‘காசபியாங்கா’வைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். ஓரிடத்தில் ஜெர்மனியுடன் ஒத்துழைத்த விஷி அரசின் கப்பல் என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் நேச நாடுகளின் கப்பல் என்று. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியோடு. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்த பிறகு, ஒரு நீர்மூழ்கி எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் அது நின்ற துறைமுகமே முடிவுசெய்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த ‘ரூபி’, ஜெர்மனிக்கு எதிராகப் போரைத் தொடர்ந்த தெகோலின் ‘சுதந்திர பிரான்ஸ்’ இயக்கத்துடன் சேர்ந்தது. விஷியின் கீழ் இருந்த ‘பெவெசியே’யோ, அதே ஆண்டு செப்டம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் டக்காருக்கு அருகே பிரிட்டனின் ‘ரெசல்யூஷன்’ போர்க்கப்பலை டார்பிடோவால் தாக்கியது.

காசபியாங்காவின் வாழ்வு 1942 நவம்பர் 27 அன்று திரும்பியது. ஜெர்மானியர் தெற்கு பிரான்சின் தூலோன் துறைமுகத்துக்குள் நுழைந்த அந்த விடியலில், கப்பல்கள் அவர்கள் கையில் சிக்காதிருக்கப் பிரெஞ்சுக் கடற்படை அவற்றைத் தானே மூழ்கடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நீர்மூழ்கிகள் மட்டும் வெளியேறின. அவற்றில் காசபியாங்கா, கேப்டன் லெர்மினியேவின் தலைமையில் நவம்பர் 30 அன்று, நேச நாடுகளின் கையில் இருந்த வட ஆப்பிரிக்கத் துறைமுகமான அல்ஜியர்ஸ் சேர்ந்தது. இங்கே பலர் சறுக்குகிறார்கள்: அப்போது அல்ஜியர்சில் அதிகாரம் தெகோலிடம் இல்லை, விஷியிலிருந்து நேச நாடுகளின் பக்கம் வந்த அட்மிரல் தார்லானிடமும் பிறகு தளபதி ஜிரோவிடமும் இருந்தது. தெகோல் தரப்பு, ஜிரோ தரப்பு ஆகிய இரு கடற்படைகளும் 1943 ஆகஸ்ட்டில்தான் ஒன்றாயின. ஆகவே ‘சுதந்திர பிரான்சின் கப்பல்’ என்று எழுதாமல், ‘நேச நாடுகளுடன் சேர்ந்தது’ என்று எழுதுங்கள்.

உங்கள் ஒரு பக்கத்தில் பாதியை, எதிரிப் படைகள் பிடித்திருந்த கோர்சிகாத் தீவுக்கே கொடுக்கலாம். காசபியாங்கா பகலெல்லாம் அதன் கரைக்கு அருகே கடலடி மணலில் அசையாமல் படுத்துக்கிடக்கும். இருட்டியதும் மேலெழுந்து, சிறு படகுகளில் உளவாளிகளையும் ஆயுதங்களையும் இறக்கும். 1943 செப்டம்பர் 13 அன்று, தன் மாலுமிகளுக்கே இடம் போதாத அந்தக் குழாய்க்குள் 109 வீரர்களை அடைத்துக்கொண்டு வந்து அத்தீவின் அஜாக்சியோ நகரில் இறக்கியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கப்பலின் பெயரே ஒரு கோர்சிகா மாலுமியுடையது. 1798 அபுகிர் கடற்போரில் மாண்டவர் அவர்.

படம் தேடும்போது கவனம். 1987 இல் பணியில் சேர்ந்த அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றுக்கும் இதே பெயர்தான். மேல்தளத்தில் பீரங்கி இருந்தால் அது உங்களுடையது.