மாடல் ரயில் முதலீடா, செலவா? கில்டேர் வாசகருக்குப் பதில்

கேள்வி: அயர்லாந்தில் கில்டேர் கவுண்டியில், சாலின்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஐடி வேலை, மனைவி செவிலியர், இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன், பிள்ளைகள் செலவு எல்லாம் போக மாதம் 700 யூரோ மிஞ்சும். டப்ளின்–கார்க் பாதை வீட்டருகே என்பதால் ரயில் பார்க்கப் போய், மூன்று வருஷமாக மாடல் ரயில் சேர்க்கிறேன். இதுவரை 4,200 யூரோ ஆகியிருக்கிறது. கிரெடிட் கார்டில் 900 யூரோ பாக்கி. ஏ கிளாஸ், 071, 201 என்று மூன்று எஞ்சின்களுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 230 யூரோ. இங்கிலாந்தில் ஒருவர் தன்னுடைய பழைய எஞ்சின் ஒன்றையும் பத்து வேகன்களையும் 300 யூரோவுக்குத் தருகிறார். ஐரிஷ் மாடல்கள் குறைவாகத்தான் வருகின்றன, விலை ஏறும், அதனால் இதுவும் முதலீடுதான் என்கிறேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி? மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: முதலீடு என்ற பேச்சில் நான் உங்கள் மனைவி பக்கம்தான். ஆனால் பொழுதுபோக்கை விட்டுவிடச் சொல்லப்போவதில்லை. மூன்று வருஷத்தில் 4,200 என்றால் மாதத்துக்கு 117 யூரோ வருகிறது. எல்லாம் போக 700 மிஞ்சுகிற வீட்டுக்கு இது தாங்காத தொகை இல்லை. அப்படியிருந்தும் கார்டில் 900 நிற்கிறதே, அது எப்படி வந்தது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஐரிஷ் மாடல் சந்தை ரொம்பச் சின்னது. மர்ஃபி மாடல்ஸ் போடும் 071, 141, 201 ஆனாலும் சரி, ஐரிஷ் ரெயில்வே மாடல்ஸ் கொண்டுவந்த ஏ கிளாஸ் ஆனாலும் சரி, சீனாவில் ஒரு தொகுதி செய்து வரும். நீங்கள் விரும்பிய எண்ணும் வண்ணமும் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அறிவிப்பு வந்து பொருள் கைக்கு வர ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். அதனால் பட்டியலில் பெயர் கொடுக்கிற அன்று செலவு செய்கிற உணர்வே இருக்காது. பொருள் எந்த மாதம் வந்து இறங்கும் என்பதோ உங்கள் கையில் இல்லை. மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால் 690 யூரோவை ஒரே மூச்சில் கட்ட வேண்டும். 'இப்போது விட்டால் கிடைக்காது' என்ற பயத்தில் கார்டைத் தேய்த்துவிடுவீர்கள். பழைய பாக்கியும் இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பல ஐரிஷ் கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. 22 என்று வைத்துக்கொண்டால் 900 யூரோ பாக்கிக்கு ஒரு வருஷ வட்டி 198. கிட்டத்தட்ட ஓர் எஞ்சினை வாங்கி வங்கிக்குக் கொடுத்த மாதிரி. எனவே அடுத்த மூன்று மாதம் மிச்சப் பணத்திலிருந்து 300 வீதம் கார்டுக்குப் போகட்டும். அதுவரை ஒரு வேகன்கூட வேண்டாம்.

பாக்கி அடைந்த பிறகு மாதம் 120 யூரோ எடுத்து வையுங்கள். இப்போது சராசரியாகச் செலவழிப்பதும் அவ்வளவுதான், ஆகவே வீட்டில் புதிதாக எதையும் குறைக்க வேண்டியதில்லை. வித்தியாசம் என்னவென்றால், இந்தப் பணம் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்தில் ஒரு கணக்கு இருந்தால் போதும். அதில் 90 எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும், 30 தண்டவாளம், டிகோடர் (எஞ்சினுக்குள் வைக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு), பராமரிப்புக்கும். கணக்கில் முழு விலையும் சேர்ந்திருந்தால் மட்டுமே முன்பதிவு செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 வீதம் சேர்த்தால் மூன்று எஞ்சினுக்கு எட்டு மாதம் ஆகும். அதற்கு முன்பே மூன்றும் வந்துவிட்டால் என்ன செய்வது?

ஒன்றை ரத்து செய்யுங்கள் என்பேன். எதை என்பதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. நிஜ ஏ கிளாஸ் எஞ்சின் 1955இல் ஓடத் தொடங்கி 1995இல் ஓய்வு பெற்றது. 201 வந்ததே 1994இல்தான். இரண்டும் ஒரே நடைமேடையில் நின்ற காலம் மிகக் குறைவு. 1977இலிருந்து ஓடும் 071 மட்டும் இரண்டு காலத்துக்கும் பொருந்தும். நீங்கள் சாலின்ஸில் பார்க்கிற ரயில்களைத்தான் மேசையில் ஓட்ட ஆசை என்றால், அதாவது கார்க் எக்ஸ்பிரஸும் டப்ளின் துறைமுகத்திலிருந்து பலினா போகும் கன்டெய்னர் ரயிலும், 071உம் 201உம் போதும். ஏ கிளாஸ் வாங்கினால் அது தனியாக வராது. அந்தக் காலப் பெட்டிகள், அந்தக் கால வேகன்கள், அப்புறம் அதற்கேற்ற நிலையக் கட்டடம் என்று இழுத்துக்கொண்டே போகும். எனக்குத் தெரிந்து இந்தப் பொழுதுபோக்கில் காசு மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை: ஒரு பத்து, பதினைந்து வருஷக் காலத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள்ளேயே நிற்பது.

விலை ஏறும் என்ற வாதத்துக்கு வருகிறேன். பாதி உண்மை. ஒரு தொகுதி தீர்ந்ததும் செகண்ட் ஹேண்ட் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் தயாரிப்பாளர் அதே எஞ்சினை மறுபடி கொண்டுவந்தால், அதுவும் நல்ல டிகோடர் சாக்கெட், ஸ்பீக்கர் வைக்க இடம் எல்லாவற்றோடும் வந்தால், பழையதின் விலை இறங்கிவிடும். ஏறின விலையிலேயே விற்றாலும் விற்பனைத் தளத்தின் கமிஷன், தபால் செலவு போக எவ்வளவு மிஞ்சும்? அட்டைப்பெட்டி கிழிந்திருந்தால், ஒரு சின்னக் கைப்பிடி உடைந்திருந்தால் இன்னும் குறையும். அதே 100 யூரோவைக் கூடுதல் ஓய்வூதியப் பங்களிப்பாகப் போட்டால், நீங்கள் 40 சதவீத வரி அடுக்கில் இருக்கும் பட்சத்தில், கையிலிருந்து போவது 60தான். முதலீடு செய்ய ஆசையிருந்தால் அங்கே போங்கள். உங்கள் நிறுவனம் சமமாகப் பங்கு போடுவதாக இருந்து, அதை நீங்கள் முழுதாக வாங்காமல் விட்டிருந்தால், இந்தக் கடிதத்தில் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இங்கிலாந்துக்காரரின் 300 யூரோ மூட்டையை விட்டுவிடுங்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்கு வருவது இறக்குமதி. பழைய பொருள் என்பதால் விலக்கு கிடையாது. பொருளின் விலையோடு தபால் செலவையும் கூட்டி அதன் மேல் 23 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடுவார்கள். தபாலுக்கு 20 என்றால் 320க்கு 73 யூரோ 60 சென்ட். கூரியர் கட்டணமும் சேர்ந்தால் 400ஐத் தொட்டுவிடும். பிரிட்டிஷ் கடையில் புதிதாக வாங்கினால் அவர்கள் ஊர் வாட் 20 சதவீதத்தைக் கழித்து அனுப்ப வாய்ப்புண்டு. தனி ஆளிடம் கழிக்க ஒன்றுமில்லை, அவர் கட்டிய வரியின் மேல் நீங்கள் இன்னொரு வரி கட்டுவீர்கள். 150 யூரோ வரையிலான பொட்டலங்களுக்குப் பெரிய இணையத் தளங்கள் வாங்கும்போதே வாட்டைப் பிடித்துக்கொள்ளும், வாசலில் அதிர்ச்சி இருக்காது. அதற்கு மேலே போனால் அந்த வசதியும் இல்லை. இன்னொன்று, உள்ளூர்க் கடையில் வாங்கிய எஞ்சின் மோட்டார் பழுதோடு வந்தால் 2022ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கியதற்கு அது பொருந்தாது. பழைய வேகன்தான் வேண்டுமென்றால் அயர்லாந்துக்குள்ளேயே கண்காட்சிகளில் வைக்கும் செகண்ட் ஹேண்ட் மேசைகளைப் பாருங்கள். கையில் எடுத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து வாங்கலாம்.

யாராவது உங்களிடம் 'தண்டவாள அகலத்தை 21 மில்லிமீட்டருக்கு மாற்று' என்று ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐந்தடி மூன்றங்குல ஐரிஷ் பாதைக்கு இந்த அளவில் சரியான அகலம் அதுதான், கடையில் விற்கும் 16.5 மில்லிமீட்டர் குறுகலானது. உண்மைதான். ஆனால் தண்டவாளத்தைக் கையால் கட்ட வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரத்தை மாற்ற வேண்டும், மாற்றியதை விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். கைவேலையில் பித்து உள்ளவர்களுக்கான உலகம் அது.

பராமரிப்புக்குப் பெரிய பணம் ஆகாது. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் போதும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு, அதுவும் பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெய். அதிகமாக ஊற்றினால் மோட்டாருக்குள் இறங்கிக் காரியத்தைக் கெடுத்துவிடும். மின்சாரத்துக்குக் கணக்கே பார்க்க வேண்டாம்: ஒரு எஞ்சின் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு கெட்டில் நிறையத் தண்ணீர் கொதிக்க வைக்கிற அளவுதான் இழுக்கும்.

கவனிக்க வேண்டிய செலவு இடம்தான். பல பேர் கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்டில் கொண்டுபோய் அமைக்கிறார்கள். காப்பிடாத ஐரிஷ் லாஃப்டில் குளிர்காலம் முழுக்க ஈரம், கோடையில் நாலு நாள் வெயில் அடித்தால் சூடு. பலகை வளையும், தண்டவாளம் நெளியும், அட்டைப்பெட்டிகளில் பூஞ்சை பிடிக்கும். ரயிலுக்காக லாஃப்டைச் சீரமைக்கும் எண்ணம் இருந்தால் அது பல ஆயிரம் யூரோ வேலை, தனியாகப் பேச வேண்டிய விஷயம். இப்போதைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சுவரோரம், மடக்கி வைக்கிற பலகை போதும்.

வீட்டு உடைமைக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகைக்குள் உங்கள் 4,200 அடங்குகிறதா, சேகரிப்புப் பொருள்களைத் தனியாகக் குறிப்பிடச் சொல்கிறார்களா என்று நிறுவனத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளின் படம், வாங்கிய விலை, ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் சொல்லி வையுங்கள். டப்ளினில் இன்ச்சிக்கோர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த சிரில் ஃப்ரை செய்த மாடல்களுக்கு மாலஹைடில் அருங்காட்சியகமே இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆனால் அந்தக் கொடுப்பினை எல்லாச் சேகரிப்புக்கும் வாய்க்காது. விலை தெரியாத குடும்பம் ஒரு வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம்.

ஓட்டாமல் பெட்டியிலேயே கிடக்கிற எஞ்சின் இருந்தால் இப்போதே விற்றுக் கார்டுக்குக் கட்டுங்கள். வரிக்குப் பயப்பட வேண்டாம்: இப்படியான சொந்தப் பொருள் ஒன்று 2,540 யூரோவுக்குள் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. விற்பதற்காகவே வாங்கத் தொடங்கினால் அது வியாபாரம், வருமான வரிக்குள் வந்துவிடும். வருஷத்தில் 30 விற்பனையோ 2,000 யூரோவுக்கு மேலோ போனால் இணையத் தளங்கள் உங்கள் விவரத்தை வரித்துறைக்கு அனுப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைத்திருக்கப்போகும் இரண்டு எஞ்சின்களையும் ஒலி இல்லாத வகையாகவே எடுங்கள். ஒலி டிகோடருக்கு நூறு யூரோ பக்கம் கூடுதலாக ஆகும். சாக்கெட் இருப்பதால் அடுத்த வருஷம் 30 யூரோப் பங்கில் சேர்த்துவைத்து, முதலில் 071க்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.