ரஷ்ய மொழி சோறு போடுமா?

வணக்கம் சார். உங்கள் மகள் பொறியியல் கவுன்சலிங் வேண்டாம், டெல்லிக்குப் போய் பி.ஏ. ரஷ்ய மொழி படித்துவிட்டு வெளியுறவுத் துறைக்குப் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் ரஷ்யத் தூதராக இருந்த கடாகினைப் பற்றிப் படித்த நாளிலிருந்துதான் இந்த ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் கதையை அவள் பாதிதான் படித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அலெக்சாண்டர் கடாகின் 1949-ல் கிஷினேவில் பிறந்தவர். மாஸ்கோ அரசு பன்னாட்டு உறவுகள் கல்லூரியில் 1972-ல் படிப்பு முடித்து, டெல்லித் தூதரகத்தில் மூன்றாம் செயலராகச் சேர்ந்தார். ஏறக்குறைய கீழ்ப்படிதான் அது. நேபாளத்துக்குத் தூதராகப் போனது 1993-ல். தன் நாட்டுக் கொடி பறக்கும் காரில் ஏற இருபத்தோரு வருடம்! டெல்லிக்குத் தூதராக வரும்போது 1999, வயது ஐம்பது. நடுவில் சுவீடனுக்குப் போய்விட்டு, 2009-ல் திரும்பவும் டெல்லி. இந்தியைச் சரளமாகப் பேசுவார். பதவியில் இருக்கும்போதே 2017 ஜனவரி 26 அன்று, நம் குடியரசு தினத்தில், டெல்லியில் இறந்தார். மறு வருடம் பத்ம பூஷண் கொடுத்தார்கள். சாணக்கியபுரியில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது.

அதே கல்லூரியில் அதே 1972-ல் படித்து முடித்த இன்னொருவர் செர்கே லாவ்ரோவ். சிங்களம் கற்றவர், முதல் வேலை இலங்கையில். 2004-ல் வெளியுறவு அமைச்சரானார். அவருடைய அரசியலுக்குள் நான் போகவில்லை, பாதையை மட்டும் பாருங்கள். அங்கே அந்தக் கல்லூரியே அமைச்சகத்துக்கு நாற்றங்கால் மாதிரி. மொழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வேலைக்குள் நுழைகிறார்கள்.

நம் ஊரில் வரிசை தலைகீழ். ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணி வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பட்டமும் போதும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். தேறிய பிறகு பயிற்சிக் காலத்தில் அரசே ஒரு வெளிநாட்டு மொழியை ஒதுக்கிக் கற்க வைக்கும். அது ரஷ்ய மொழியாக இருக்கலாம், அரபியாகவும் இருக்கலாம். ரஷ்யப் பட்டத்துக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. உங்கள் மகள் இரண்டு சாலைகளை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்காக அந்தப் பட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். கூடங்குளம் அணுமின் நிலையமே ரஷ்ய உதவியோடு கட்டியதுதான். இப்படிப்பட்ட இடங்களில் மொழிபெயர்ப்பாளர் தேவை இருக்கிறது. ஆனால் பொறியியல் மாதிரி கேம்பஸ் இண்டர்வியூவில் வரிசையாக வேலை வந்து நிற்காது. மொழி மீதே பிரியம் இருந்தால் மட்டும் போகட்டும்.

பிரியம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. சென்னை ரஷ்யப் பண்பாட்டு மையத்தின் தொடக்க வகுப்பில் மூன்று மாதம் சேர்த்துவிடுங்கள். ரஷ்ய மொழியில் வேற்றுமை ஆறுதான். எட்டு வேற்றுமை படித்த பிள்ளைக்கு அது பெரிதில்லை. வினைச்சொல்தான் பிழிந்தெடுக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் இரட்டையாக வரும், செய்து முடித்ததற்கு ஒன்று, செய்துகொண்டிருப்பதற்கு ஒன்று. அதோடு மல்லுக்கட்டிய பிறகும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தால், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்காக (ஜே.என்.யு.) சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதட்டும். பொறியியல் விண்ணப்பத்தையும் இப்போதே போட்டு வையுங்கள், கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.