சமையலறைத் தபால்: மொட்டை மாடி ஏறாமல் மாவடும் வடாமும்

கேள்வி: எனக்கு 61 வயது. முடக்குவாதம் வந்ததிலிருந்து முழங்காலும் விரல் மூட்டுகளும் சொன்னபடி கேட்பதில்லை. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடிக்கு லிஃப்ட் போகாது. மாவடு, ஆவக்காய், வடாம், மோர்மிளகாய் எல்லாம் வருஷா வருஷம் வீட்டிலேயே போட்டவள் நான். "கடையில வாங்கிக்கலாம்மா" என்கிறான் மகன். விட்டுவிட வேண்டியதுதானா?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மாவடுவை விட வேண்டாம். அந்தக் காலத்து ஐந்து கிலோ கணக்கை விடுங்கள். அது நாலு மருமகள்களும் கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகளும் இருந்த வீட்டுக்கணக்கு. உங்கள் வீட்டில் இப்போது சாப்பிடுவது எத்தனை பேர்?

மார்ச் பிறந்தால் மாட்டுங்கா மார்க்கெட்டில் வடு வந்துவிடும். மகனை அனுப்பி, காம்போடு அரை கிலோ வாங்கிவரச் சொல்லுங்கள். கழுவித் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஈரம் போக உலர்த்துங்கள். ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெயில் புரட்டி, 100 முதல் 125 கிராம் கல் உப்பு, கொஞ்சம் கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி சேர்த்து இரண்டு சின்னக் கண்ணாடி பாட்டில்களில் பிரித்துப் போடுங்கள். கரண்டி விட்டுக் கிளற வேண்டாம். மூடியை இறுக்கி, சாப்பாட்டு மேஜைமேல் காலையும் மாலையும் பாட்டிலை உள்ளங்கையால் இப்படியும் அப்படியும் உருட்டினால் போதும். மூன்று நாலு நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பத்து நாளில் வடு சுருங்கிவிடும். பீங்கான் பரணி பார்க்க அழகுதான். அதை வாசலில் வைத்துக் குடைகளைச் செருகிக்கொள்ளுங்கள்.

மூடி திறப்பதுதான் விரல்களுக்குப் பெரிய சோதனை. திருகு மூடிக்குப் பதில் க்ளிப் மூடி பாட்டில் வாங்குங்கள். இருப்பதை வைத்தே சமாளிப்பதானால், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு திருகுங்கள். வழுக்காது.

ஆவக்காய்க்கு வெட்டுவதை நினைத்துப் பயப்படாதீர்கள். நம் ஊர் மார்க்கெட்டுகளில் மே மாதக் கடைசியில் கைரி (மாங்காய்) விற்பவர்களே பலகையில் பொருத்திய பெரிய கத்தியால் கொட்டையோடு வெட்டித் தருவார்கள். கழுவித் துடைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய துண்டில் ஈரம் படக்கூடாது. உள்ளே இருக்கும் சவ்வை எடுப்பது உட்கார்ந்து செய்யும் வேலை, டிவி பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.

வடாமுக்கு வருவோம். மாடி இல்லாவிட்டால் என்ன, ஜன்னலுக்கு வெளியே பெட்டி கிரில் இருக்கிறதல்லவா? ஜவ்வரிசியை ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்துவிட்டால், கஞ்சியை மணிக்கணக்கில் கிண்டும் வேலை மிச்சம். இண்டக்‌ஷன் அடுப்பை மேஜைமேல் வைத்து, உட்கார்ந்தபடியே உப்பு, பச்சைமிளகாய் விழுது போட்டு இறக்குங்கள். (இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த அடுப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) பெரிய ஷீட் வேண்டாம். தட்டு அளவுக்குப் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் போட்டு, ஒரு தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வடாம் ஸ்பூனால் ஊற்றினால், தூக்கிக் கிரில்லில் வைப்பது சுலபம். நாழி பிழிவது உங்கள் விரலுக்கு ஆகாது, ஓமப்பொடி வடாமை மறந்துவிடுங்கள். மேலே பழைய வேட்டியைப் போர்த்தித் துணி க்ளிப் மாட்டுங்கள். மும்பைப் புறாக்களுக்கு ஜவ்வரிசி வடாம் என்றால் அவ்வளவு ஆசை!

கடற்கரை ஊர் என்பதால் மே வெயிலிலும் காற்றில் ஈரம் இருக்கும். உடைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் காயட்டும். ஜூன் இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் டப்பாவில் அடைத்துவிடுங்கள். மோர்மிளகாயும் அப்படியே: கால் கிலோ போதும், கத்தியால் கீறாமல் முள்கரண்டியால் இரண்டு குத்து குத்தி மோரில் போடுங்கள்.

மகனிடம் தூக்குகிற வேலையையும் பிசைகிற வேலையையும் தயங்காமல் கொடுங்கள். 1959-இல் இதே ஊரில், கிர்காவ் பக்கம், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் எப்படி நடக்கிறது? மாவை ஓரிடத்தில் பிசைந்து தருகிறார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்து இட்டுத் தருகிறார்கள். பிரித்துச் செய்தால் யாருக்கும் இடுப்பு ஒடியாது.

கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மருந்துகளில் சில நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. ஊறுகாயில் பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், பாட்டிலோடு கொட்டிவிடுங்கள். ரத்தக்கொதிப்பு இருக்கிறதென்று ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் அது கெட்டுப்போகும். உப்பு சரியாக இருக்கட்டும், தட்டில் போட்டுக்கொள்வதைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதுக்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் சொல்கிறது.

கேள்வி: மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கைதான் இயங்குகிறது. நான் பூண்டை மொத்தமாக உரித்து நல்லெண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்துவிடட்டுமா, அவள் எடுத்துக்கொள்ள?
— ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: வெளியே வைக்கவே கூடாது, ஐயா. பூண்டில் புளிப்பு போதாது, எண்ணெய் காற்றையும் மறித்துவிடும். காற்றில்லாத அந்த இடத்தில்தான் போட்டுலிசம் கிருமி விஷத்தை உண்டாக்கும். வாசனையிலோ ருசியிலோ தெரியவே தெரியாது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ நிறைய விட்ட ஊறுகாய் கதை வேறு. உரித்த பூண்டை எண்ணெய் இல்லாமல் கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உங்கள் மனைவி ஒற்றைக் கையாலேயே நாலு பல் உதிர்த்து, அப்படியே குழம்பில் போடலாம்.