அஜீரணக்காரர்களின் கடிதங்கள்

கேள்வி: பல வருடங்களாக நெஞ்செரிச்சல், புளியேப்பம், வயிற்று உப்புசம் என்று அவதிப்படுகிறேன். கேஸ் மாத்திரையே கதி. 250 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் என்னைப் போன்றவர்களுக்கு என்ன வைத்தியம் செய்தார்கள்? ரத்தத்தை எடுத்தும் பேதிக்குக் கொடுத்தும் வதைத்த மருத்துவர்களிடம் நோயாளிகள் வாய் பேசாமல் படுத்துக் கிடந்தார்கள் என்று படித்தேன். பாவம் இல்லையா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: பேதி மருந்து உண்மை, வாந்தி மருந்தும் உண்மை. ஆனால் ‘வாய் பேசாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது. 18ஆம் நூற்றாண்டில், வசதியும் எழுத்தறிவும் இருந்த அஜீரண நோயாளி தன் வயிற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு இன்று யாரும் பேசுவதில்லை. பேச விடுவாரும் இல்லை. அன்றைய மருத்துவரிடம் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. அது வந்ததே 1816இல். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதை யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை. நோயாளி சொல்லும் வரலாறே பரிசோதனை என்பதால், மருத்துவர் கடைசி வரி வரை கேட்டே தீர வேண்டியிருந்தது.

எடின்பரோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் கல்லென் (1710–1790) இதற்குச் சிறந்த சான்று. பிரிட்டனின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகளும் அவர்களுடைய உள்ளூர் மருத்துவர்களும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். நேரில் பார்க்காமலே அவர் ஆலோசனை எழுதி அனுப்பினார். ஆயிரக்கணக்கான அந்தக் கடிதங்கள் எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. தான் என்ன எழுதினோம் என்பது அடுத்த கடிதம் வரும்போது கையில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொரு பதிலுக்கும் நகல் வைத்துக்கொண்டார். நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், மை ஈரமாக இருக்கும்போதே தாளை அழுத்தி நகலெடுக்கும் பொறி ஒன்றை உருவாக்கியிருந்தார். 1781 முதல் கல்லென் அதையே பயன்படுத்தினார். எந்த உணவுக்குப் பின் ஏப்பம் வருகிறது, மலம் எப்படிப் போகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதெல்லாம் அந்தக் கடிதப் போக்குவரத்தில் பேசப்பட்டன.

நாள்பட்ட அஜீரணத்தைக் கல்லென் நரம்பு நோய்களின் வகுப்பில் வைத்தார். இரைப்பையின் தசைநார்கள் வலுவிழந்து தளர்ந்துவிடுவதே அடிப்படைக் காரணம் என்பது அவருடைய கொள்கை. ஆகவே சிகிச்சையை மூன்றாகப் பிரித்தார்: நோயை உண்டாக்கும் பழக்கங்களை விலக்குவது, தொல்லை தரும் அறிகுறிகளைத் தணிப்பது, தளர்ந்த இரைப்பைக்கு வலுவூட்டுவது. முதலாவதில் மதுபானம், புகையிலை, தேநீர், ஓயாத கவலை, உட்கார்ந்தே கழியும் வாழ்க்கை ஆகியவை அடங்கும். இரண்டாவதில் புளிப்புக்குச் சுண்ணக்கட்டியும் மக்னீசியாவும், மலச்சிக்கலுக்கு ரேவல்சின்னிக் கிழங்கும் வந்தன. மூன்றாவதற்கு ஜென்ஷியன் வேர், சீமைச் சாமந்தி போன்ற கசப்புகள், சின்கோனாப் பட்டை, இரும்புச் சத்து மருந்துகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரைச் சவாரி.

இவற்றில் தீங்கானவையும் இருந்தன. அதை மறைத்து அந்தக் காலத்தைப் போற்ற எனக்கு விருப்பமில்லை. கந்தக அமிலத்தைச் சாராயத்தில் கலந்து, இஞ்சியும் பட்டையும் சேர்த்த ஒரு திராவகம் ‘வலுவூட்டி’ என்ற பெயரில் துளிக்கணக்கில் கொடுக்கப்பட்டது. அமிலத்தால் வெந்துகொண்டிருந்த இரைப்பைக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை நெஞ்செரிச்சல் கண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலிக்குக் கொடுத்த அபினிக் கரைசல் மலச்சிக்கலை முற்ற வைத்தது. அடிக்கடி வாந்தி எடுக்க வைப்பது இரைப்பையைச் சுத்தப்படுத்தும் என்று மெய்யாகவே நம்பினார்கள்.

ஆயினும் கொள்கை பிழைத்த இடத்தில்கூட, கேட்டறியும் பழக்கம் அவர்களைப் பல நேரங்களில் சரியான ஆலோசனைக்குக் கொண்டுபோனது. கல்லெனுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஜார்ஜ் செய்ன் அதற்குத் தன் உடம்பையே சாட்சியாக வைத்தவர். ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்த செய்ன், நோயாளிகளைப் பிடிப்பதற்காக விடுதிகளில் நண்பர்களோடு உண்டும் குடித்தும் பழகி, ஒரு கட்டத்தில் 32 ஸ்டோன், அதாவது 200 கிலோவுக்கு மேல் பெருத்தார். நூறடி நடப்பதற்குள் உட்கார வேண்டியிருந்ததால், வேலைக்காரர் ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர வேண்டியிருந்தது என்பதை 1733இல் வெளிவந்த தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். பாலும் ரொட்டியும் காய்கறியும் பழமும் என்று இறங்கியபோது தேறினார், பழைய உணவுக்குத் திரும்பியபோது மறுபடி விழுந்தார், அதையும் எழுதினார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் அவருடைய நோயாளி. அச்சகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர். அவருக்குச் செய்ன் பரிந்துரைத்தது ‘அறைக்குதிரை’ என்ற நாற்காலி. அடியில் வில்கம்பிகள் வைத்து, மேலே உட்கார்ந்து குதித்தால் சவாரியின் குலுக்கல் கிடைக்கும்படி செய்யப்பட்டது அது. வேலையை விட முடியாத மனிதருக்கு வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி தேடித் தந்த அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

முன்பொரு முறை இந்தப் பக்கத்துக்கு எழுதிய மருத்துவர் ஒருவர், “நோயாளிகள் கதை சொல்கிறார்கள், எங்களுக்கு நேரமில்லை” என்று அலுத்துக்கொண்டார். அந்தக் கதைதான் நோயறியும் வழி என்று அப்போது பதில் எழுதினேன், அவர் கோபித்துக்கொண்டார். செரிமானக் கோளாறைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. வலி சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, படுத்தால் கூடுகிறதா, எந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு வந்தது என்பவற்றை எந்தக் கருவியும் சொல்லாது.

நெஞ்செரிச்சலைப் பொருட்படுத்திய அந்த நூற்றாண்டின் வேதியியலுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். கல்லெனின் மாணவர் ஜோசப் பிளாக் 1754இல் எடின்பரோவில் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வேட்டின் பொருள், உணவால் உண்டாகும் புளிப்பும் வெள்ளை மக்னீசியாவும். அந்தப் பொடியைச் சூடாக்கி எடை போட்டார், எடை குறைந்திருந்தது. முன்பு அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கிய பொடி, சூடாக்கிய பிறகு பொங்கவில்லை. அதிலிருந்து வெளியேறியது ஒரு தனிக் காற்று என்ற முடிவுக்கு அவர் வந்தார். இன்று அதைக் கரியமில வாயு என்கிறோம். 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி அந்தக் காற்றைத் தண்ணீரில் கரைக்கும் முறையை வெளியிட்டார். 1783இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் அதை வணிகமாக்கி, 1792இல் லண்டனுக்கு வந்தார். அந்தத் தண்ணீர் முதலில் விற்கப்பட்டது மருந்தாகத்தான். கல்யாணச் சாப்பாடு திகட்டினால் கோலி சோடாவில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக் குடிக்கும் நம் வழக்கம் வரைக்கும் அந்த வரிசை நீள்கிறது.

செரிமானம் என்பது அரைப்பதா, கரைப்பதா என்ற நீண்ட வழக்கும் அப்போதுதான் தீர்ந்தது. 1777இல் எட்வர்ட் ஸ்டீவன்ஸ், கற்களை விழுங்கிக் காட்டிப் பிழைத்த ஒருவரைக் கொண்டு, துளையிட்ட வெள்ளி உருண்டைகளுக்குள் இறைச்சியை வைத்து விழுங்கச் செய்தார். இத்தாலியில் ஸ்பல்லன்ஸானி உணவு வைத்துத் தைத்த துணிப்பைகளைத் தானே விழுங்கினார். அரைபட வழியில்லாத இடத்தில் உணவு கரைந்திருந்தது. இரைப்பைச் சாற்றின் வேலை அது. இந்தத் துணிச்சலின் வாரிசாகவே நான் பாரி மார்ஷலைப் பார்க்கிறேன். ராபின் வாரனும் அவரும் இரைப்பையில் கண்ட ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி நோய் உண்டாக்கும் என்பதைக் காட்ட, 1984இல் அதை வளர்த்த கரைசலைக் குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார் மார்ஷல். 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆகவே, அம்மா, மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டு, கல்லெனுக்கு எழுதுவது போல ஒரு பக்கம் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எத்தனை ஆண்டுகளாக, எந்த நேரத்தில், எதைச் சாப்பிட்டால் தொல்லை வருகிறது, மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிருமிப் பரிசோதனை தேவையா, எண்டோஸ்கோபி தேவையா என்று நீங்களே கேளுங்கள். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் கண்டாலோ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.